கிறிஸ்தியன் எந்த டேப்பில் இருந்தார்?

போன மாதம் இங்கே டென்மார்க்கில், வைலே நகரில், மென்பொருள் வேலை செய்யும் பிள்ளைகள் நீங்கள் கூடிய கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்ற ஆள், வந்து நாலு வார்த்தை சொல்லட்டும் என்று நினைத்திருப்பீர்கள். முன்வரிசையில் இருந்த ஒரு தம்பி கேட்டார்: "அக்கா, நீங்கள் செய்த வேலையிலேயே பெரிய வேலை எது?" நான் யோசிக்கவே இல்லை. "டேப்களின் தோற்றத்தை மாற்றினது" என்றேன். பின்வரிசையில் ஒரே சிரிப்பு! யாரோ ஒருவர், "அது ஒரு மத்தியானத்தில் முடியிற வேலை எல்லோ அக்கா" என்று வேறு சொன்னார். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று உங்களுக்குத் தெரியும். அன்று நேரமில்லாமல் போய்விட்டது, தப்பினீர்கள். இப்போது எழுதுகிறேன். சிரித்தவர்கள் முதலில் வாசியுங்கள்.

டேப் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் உங்கள் அப்பா அம்மா இதை வாசித்தால் விளங்கவேண்டும் அல்லவா? கணினித் திரையின் மேல் விளிம்பில் சின்னச் சின்னப் பட்டைகள் வரிசையாக நிற்குமே, ஒன்றை அழுத்தினால் அதற்குரிய பக்கம் முன்னுக்கு வருமே, அதுதான்.

எங்கள் நிறுவனம் சிறியது. முதியோர் இல்லங்களுக்கான மென்பொருள் செய்தோம். யாருக்கு என்ன மருந்து, எப்போது கொடுக்க வேண்டும், கொடுத்தாயிற்றா என்று பணியாளர்கள் அதில் அடையாளம் போடுவார்கள். ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு பக்கம். திறந்த பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு டேப். பழைய டேப்கள் தடித்த சாம்பல் பெட்டிகள், பார்க்கவே அவலட்சணம். கோயம்புத்தூரிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்த சதீஷ் அவற்றை அடியோடு மாற்றினார். மெல்லிய வெளிர் சாம்பல் பட்டைகள். திறந்திருக்கும் டேப்பின் அடியில் மட்டும் மயிரிழை போல ஒரு நீலக் கோடு. முதியவரின் பெயர் டேப்பிலேயே இருப்பதால், பக்கத்தின் தலைப்பில் மறுபடி எதற்கு என்று அதையும் எடுத்துவிட்டார். எங்கள் பெரிய திரையில் அதைப் போட்டுக் காட்டிய அன்று அலுவலகமே கைதட்டியது. உண்மையிலேயே வடிவாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

சில மாதங்கள் கழித்து சில்க்போர்க்கில் இருந்த ஒரு இல்லத்திலிருந்து தொலைபேசி வந்தது. அங்கே கிறிஸ்தியன் யென்சன் என்று ஒரு முதியவர். காலையில் இன்சுலின் ஊசி போட்டாயிற்று. ஆனால் "கொடுத்தாயிற்று" என்ற அடையாளம் அவருடைய பக்கத்தில் விழாமல், கிளாவுஸ் யென்சன் என்ற இன்னொருவரின் பக்கத்தில் விழுந்துவிட்டது. அடுத்து வந்த பணியாளர் கிறிஸ்தியனின் பக்கத்தைப் பார்த்தார். ஊசி போடவில்லை என்று இருந்தது. போட்டார். சர்க்கரை சரசரவென்று இறங்கி, மனிதர் மயங்கி, அம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. நல்ல காலம், உயிர் தப்பித் திரும்பி வந்துவிட்டார்.

அடையாளத்தைப் பிழையான இடத்தில் போட்டவர் மன்னாரைச் சேர்ந்த ஜெசிந்தா என்று ஒரு தமிழ்ப் பெண். மருந்து அலுமாரியின் திறப்பை, அதுதான் சாவியை, அவரிடமிருந்து வாங்கி வைத்துவிட்டார்கள். வேலையை விட்டு நிறுத்துவதா இல்லையா என்று தீர்மானிக்க ஒரு கூட்டம். மென்பொருள் நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து, கணினியின் பதிவு என்ன சொல்கிறது என்று விளக்கவேண்டும். என் முதலாளி ஹென்றிக் என்னை அனுப்பினார்.

"பதிவில் உள்ளதை மட்டும் சொல்லுங்கள், மாலதி. யார், எந்த நேரம், எதை அழுத்தினார். அவ்வளவுதான். எங்கள் வடிவமைப்பைப் பற்றி அங்கே பேச்சு வேண்டாம்" என்றார். ஹென்றிக் குரலை உயர்த்துகிற மனிதர் இல்லை. மெதுவாகச் சொன்னால் அது கட்டளை என்று எங்களுக்குத் தெரியும்.

நான் வேண்டுமென்றே நேரத்தோடு போனேன். பிள்ளைகளே, இதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்: பிரச்சினை நடந்த இடத்துக்குக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னரே போய்விடுங்கள். கூட்டம் தொடங்கிவிட்டால் எல்லோரும் நல்ல உடுப்பு உடுத்த வார்த்தைகளைத்தான் பேசுவார்கள்.

நடைபாதையில் ஒரு கதிரையில் ஜெசிந்தா இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"அக்கா, நீங்கள் தமிழே? கடவுளே! கொம்பியூட்டர் கொம்பனியிலையிருந்து வாறது நீங்களே?"

"ஓம். இருங்கோ, இருங்கோ. என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ."

"நான்தான் பிழை விட்டிருக்கிறன் அக்கா. என்ரை பேர்தானே அதிலை கிடக்குதாம். ஆனா கேளுங்கோ, கிறிஸ்தியனுக்குத்தான் ஊசி போட்டனான், அது எனக்கு வடிவா ஞாபகம். வந்து அவற்றை பக்கத்திலைதான் அடையாளம் போட்டனான் எண்டு மாதாவிலை சத்தியம் பண்ணுவன். பிறகு பாத்தா கிளாவுஸின்ரையிலை கிடக்குது. எனக்கு விசரோ எண்டு எனக்கே பயமாக்கிடக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "வேலை போனா இன்னொரு வேலை தேடலாம் அக்கா. ஒரு மனுசனைச் சாக்கொல்லப் பாத்தனான் எண்ட எண்ணத்தை எங்கை கொண்டுபோய்ப் போட?"

வேலைக்காக அழுகிறார் என்று நினைத்துத்தான் பக்கத்தில் இருந்தேன். அவருக்கு அந்த வேலையைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தன் கையையே இனி நம்பலாமா என்ற பயம்.

"நீங்கள் வேலை செய்யிற கொம்பியூட்டரைக் காட்டுங்கோ" என்றேன்.

மருந்தறைக்குள் கூட்டிப் போனார். ஐயோ பிள்ளைகளே, அந்தத் திரையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு அகலத் திரை. இங்கே ஒரு பழைய சதுரத் திரை, அலுமாரிக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவில் நெருக்கப்பட்டு நின்றது. அதன் முகத்தில், நேரே இருந்தால் மட்டும் உள்ளே தெரிகிற ஒரு மெல்லிய கறுப்பு பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருந்தது. வாசலால் போகிற விருந்தினர் யாருடைய நோய் விவரத்தையும் எட்டிப் பார்க்கக்கூடாது என்பதற்காக இல்லங்களில் ஒட்டுவார்கள். நல்ல எண்ணம்தான். அந்தத் தகட்டுக்குள்ளால் பார்த்தால் சதீஷின் வெளிர் சாம்பலும் வெள்ளையும் ஒன்றேதான். நீலக் கோடு இருந்த இடமே தெரியவில்லை.

"காலமை என்ன செய்வீங்கள்? ஒருத்தற்றை பக்கத்தைத் திறந்து, ஊசி போட்டு, மூடிப்போட்டு அடுத்தவற்றையைத் திறப்பீங்களோ?"

"இல்லை அக்கா, அதுக்கெல்லாம் நேரமேது? என்ரை பொறுப்பிலை இருக்கிற ஆக்கள் எல்லாரையும் ஒண்டாத் திறந்து வைச்சிருப்பன். சுத்தி வந்து அடையாளம் போடுவன். எல்லாரும் அப்பிடித்தான்."

எல்லோரும் அப்படித்தான். எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் அது தெரியாது! ஒருவரைத் திறப்பார்கள், மூடுவார்கள், அடுத்தவரைத் திறப்பார்கள் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். இவர் காலையில் திறப்பதுபோல எல்லோரையும் திறக்கச் சொன்னேன். சின்னத் திரையில் அத்தனை டேப்பும் நெருக்குப்பட்டுச் சுருங்கின. பெயர்களின் வால் வெட்டுப்பட்டது. எங்கள் மென்பொருள் டெனிஷ் வழக்கப்படி குடும்பப் பெயரை முன்னுக்குப் போட்டு, பிறகுதான் சொந்தப் பெயரைப் போடும். டென்மார்க்கில் கல்லை எறிந்தால் ஒரு யென்சன் மேல் விழும் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு டேப்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டிலும் ஒரே எழுத்துகள்: "யென்சன், கி…".

ஒன்று கிறிஸ்தியன். ஒன்று கிளாவுஸ். எது எது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கூட்டம் தொடங்கியது. இல்லத்தின் தலைவி பிர்கிட், தொழிற்சங்கப் பிரதிநிதி, ஜெசிந்தா, நான். நடுவில் கோப்பியும் ஒரு இலவங்கப்பட்டைக் கேக்கும். இந்த நாட்டில் ஒருவரை வேலையை விட்டு அனுப்பும் கூட்டத்திலும் மேசையில் கேக் இருக்கும், அதைத் துண்டு போட்டு அவருக்கும் கொடுப்பார்கள். இத்தனை வருடம் இருந்தும் எனக்கு அது பழகவே இல்லை. ஜெசிந்தா தன் துண்டைத் தொடவில்லை.

பிர்கிட் கெட்டவர் அல்ல. முகம் வாடித்தான் இருந்தது. "பதிவு என்ன சொல்கிறது?" என்று கேட்டார்.

ஹென்றிக் சொல்லச் சொன்னதை ஒரு வரியில் சொல்லிவிட்டேன். ஜெசிந்தாவின் பெயரில், கிளாவுஸின் பக்கத்தில், அடையாளம் விழுந்திருக்கிறது. அது உண்மை. பிர்கிட் தலையை ஆட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

அந்த இடத்தில் நான் கோப்பியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். என் வேலை முடிந்தது. ஓய்வு பெறும் காலமும் நெருங்கிக்கொண்டிருந்தது, முதலாளியோடு முறைத்துக்கொள்ள எனக்கு என்ன தலைவிதி? ஆனால் பதிவு உண்மையாக இருந்தும் முழு உண்மை அதில் இல்லை என்று எனக்குத் தெரியுமே! பதிவு கை செய்ததைச் சொல்லும். கண் கண்டதைச் சொல்லாது. சும்மா இருப்பேனா?

"கேக்கைப் பிறகு சாப்பிடுவோம். எல்லோரும் மருந்தறைக்கு வாருங்கள்" என்று எழுந்துவிட்டேன்.

பயிற்சிக்காக வைத்திருக்கும் மென்பொருள் பிரதியைத் திறந்து, ஜெசிந்தாவின் காலைநேரப் பெயர்களை எல்லாம் அதில் திறந்து வைத்தேன். பிர்கிட்டைக் கதிரையில் இருத்தினேன்.

"கிறிஸ்தியனுக்கு இப்போதுதான் ஊசி போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அடையாளம் போடுங்கள்."

பிர்கிட் மவுஸைப் பிடித்தார். திரையின் மேல் விளிம்புக்குக் கொண்டுபோனார். அங்கே கை நின்றது. முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பின்னால் தொழிற்சங்கப் பிரதிநிதியும் எட்டிப் பார்த்தார்.

"எது?" என்று கேட்டார் பிர்கிட்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது! எனக்குள் பட்டாசு வெடித்தது. பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே. பிர்கிட் மெதுவாகத் திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தார். "உனக்கும் இப்படித்தான் தெரிந்ததா?" என்று கேட்டார்.

ஜெசிந்தா தலையசைத்தார். சுவரில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். எனக்கும் கண் கலங்கியது, மறைக்க என்ன இருக்கிறது? அவர் அழப்போகிறார், நன்றி சொல்லப்போகிறார் என்று நான் தயாராக நின்றேன். அவரோ என் கையைப் பிடித்து இழுத்துத் தமிழில் கேட்டார்:

"அக்கா, மற்ற இல்லங்களிலையும் இதே சாமான்தானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழக்கில் வென்ற சந்தோஷத்தில் நின்றேனே தவிர, அந்த நினைப்பு எனக்கு வரவில்லை! எங்கள் மென்பொருள் எத்தனை ஊரில் ஓடுகிறது? அங்கெல்லாம் எத்தனை யென்சன்கள், எத்தனை நில்சன்கள், எத்தனை ஹான்சன்கள்? மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எல்லா இடத்திலும் ஊசி போடத் தொடங்குவார்கள்.

நடைபாதையில் நின்றே ஹென்றிக்கை அழைத்தேன். நாங்கள் முன்பு பொருத்தி வைத்த ஒரு சுவிட்ச் இருந்தது. வைலேயில் எங்கள் அலுவலகத்தில் இருந்து அதைத் தட்டினால், எல்லா இல்லங்களிலும் ஒரே நேரத்தில் ஒருவரின் பக்கம் மட்டுமே திறக்கும். டேப் வரிசையே இருக்காது.

"இப்போதே தட்டுங்கள்" என்றேன்.

"மாலதி, வேலை நேரத்தின் நடுவில் அப்படிச் செய்தால் எல்லா இல்லமும் எங்களைத் தின்றுவிடும். அறிவித்தல் கொடுத்து, திங்கட்கிழமை கூடிப் பேசி…"

"திங்கட்கிழமைக்கு முன்னர் எத்தனை ஊசி என்று நீங்களே கணக்குப் பாருங்கள்! கிறிஸ்தியன் தப்பியது எங்கள் கெட்டித்தனத்தால் அல்ல. அடுத்தவர் தப்புவார் என்று எழுதித் தருவீர்களா?"

சத்தம் போட்டுவிட்டேன். முதியவர் ஒருவர் கதவைத் திறந்து என்னை எட்டிப் பார்த்தார். போச்சு, வேலைக்கு வேட்டு என்று நினைத்தேன். ஹென்றிக் கேட்டார்: "நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். தலைவியே எது என்று தெரியாமல் நின்றார்."

"சரி. தட்டுகிறேன். திட்டு வாங்கும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்."

சொன்னபடி செய்தார். அன்று முழுவதும் தொலைபேசி அலறியதாம். வேலை மெதுவாகிவிட்டது, உங்களுக்கு மூளை இருக்கிறதா என்று ஊர் ஊராகத் திட்டினார்களாம். ஹென்றிக் ஒவ்வொருவருக்கும் காரணத்தை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். முதலாளிமாரைப் பற்றி நீங்கள் எல்லோரும் குறை சொல்வீர்கள். நானும் சொல்வேன். அன்றைய ஹென்றிக்குக்கு மட்டும் நான் எப்போதும் எழுந்து நிற்பேன்.

பிறகுதான் அந்த மத்தியான வேலை தொடங்கியது. மத்தியானமாம், மத்தியானம்! சதீஷின் முகம் செத்துப் போயிருந்தது. "நான் பண்ணின டிசைன்தானுங்களே அக்கா இது. க்ளீனா இருக்கட்டும்னு பண்ணேன். இப்படி ஆகும்னு கனவுல கூட நினைக்கலைங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"தம்பி, அழுகிறதுக்கு வேறை ஒரு நாள் லீவு எடுங்கோ. இப்ப வரைவம்" என்றேன்.

முதலில் ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு நிறம் கொடுத்தார். எங்கள் திரையில் வானவில்! சில்க்போர்க்குக்கு அனுப்பினோம். ஜெசிந்தா தொலைபேசியில் பொரிந்து தள்ளினார்: "அக்கா, இந்தத் தகட்டுக்குள்ளாலை பச்சையும் மஞ்சளும் ஒரே சேத்து நிறம்!" நிறத்தைக் குப்பையில் போட்டோம். டேப்களை இரண்டு வரிசையாக அடுக்கினோம். பின்வரிசையில் ஒன்றை அழுத்தினால் வரிசைகள் இடம் மாறிக் குதித்தன. நின்ற இடத்தில் நிற்காத டேப் இன்னும் ஆபத்து, அதுவும் வேண்டாம். கடைசியில் டேப்களைத் திரையின் இடதுபக்க ஓரமாக, மேலிருந்து கீழே அடுக்கினோம். முழுப் பெயருக்கும் இடம் இருந்தது. ஆனால் ஓரத்தில் வைத்த உடனே எழுத்துகள் எல்லாம் படுத்துவிட்டன, கழுத்தைச் சாய்த்துத்தான் வாசிக்கலாம்.

"ரெடிமேடா வர்ற டேப் அப்படித்தாங்க அக்கா. நிமித்தணும்னா ஒவ்வொரு டேப்பையும் நாமளே வரையணும்" என்றார் சதீஷ்.

"அப்ப வரையுங்கோ."

வரைந்தார். என்ன வரைவு! சொந்தப் பெயர் முன்னுக்கு, பெரிய தடித்த எழுத்தில். கீழே குடும்பப் பெயரும் அறை இலக்கமும். திறந்திருக்கும் டேப் மட்டும் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, மற்றவை வெள்ளையில் கறுப்பு. பக்கத்தின் தலைப்பிலும் அதே பெயர், இன்னும் பெரிதாக. சதீஷ் பார்த்துவிட்டு, "கடை போர்டு மாதிரி அசிங்கமா இருக்குங்களே அக்கா" என்று முணுமுணுத்தார். நான் பார்த்துவிட்டு மேசையில் தட்டிச் சிரித்தேன். கடைப் பலகையை ஒருவரும் பிழையாக வாசிப்பதில்லையே!

எல்லா இல்லத்துக்கும் அனுப்புவதற்கு முன், அந்தப் பழைய சதுரத் திரையில் அதை ஓட்டிப் பார்க்க நானும் சதீஷும் காரில் சில்க்போர்க் போனோம். சதீஷ் தகட்டுக்குள்ளால் பார்த்தார், இடமிருந்து பார்த்தார், வாசலில் நின்று பார்த்தார். காரில் திரும்பி வரும்போதுதான், இனி எந்த வேலைக்கும் முதலில் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வரைவேன் என்றார். நீங்கள் சிரித்த பாடம் அதுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது, நாங்கள் காரில் ஏறுவதற்கு முன் மருந்தறையில் நடந்தது. பிர்கிட் வந்து, மருந்து அலுமாரியின் திறப்பை ஜெசிந்தாவிடம் நீட்டினார். விசாரணை முடிந்துவிட்டது, அவர்மீது குற்றம் இல்லை என்றார். ஜெசிந்தா வாங்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"வேற ஆரும் போடட்டும் அக்கா. என்ரை கையை எனக்கே நம்பேலாமக் கிடக்கு" என்று என்னிடம் சொன்னார்.

எனக்கு வந்த கோபம்! இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் இதுவா? திரையைத் திருத்திவிட்டோம், இந்தப் பெண்ணின் பயத்தைத் திருத்த எந்த மென்பொருளில் வழி இருக்கிறது? நானும் பிர்கிட்டும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நின்றோம். சதீஷ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது வாசலில் ஒரு சக்கர நாற்காலி வந்து முட்டியது. வெள்ளைத் தலை, சிவப்புக் கம்பளிச் சட்டை, மெலிந்த மனிதர். அவருக்கு மத்தியான ஊசி நேரம். உள்ளே யார் நிற்கிறார்கள், என்ன நடக்கிறது என்று ஒன்றையும் அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. ஜெசிந்தாவை மட்டும் பார்த்து, "இத்தனை நாளாக எங்கே போயிருந்தாய்? மற்றவர்கள் போடுகிற ஊசி வலிக்கிறது" என்று முறைப்பாடு சொன்னார்.

ஜெசிந்தா திறப்பை வாங்கினார்.

கதிரையில் இருந்து, இடதுபக்கப் பெயர்களை விரலால் பார்த்து வந்து, மவுஸால் ஒரு டேப்பை அழுத்தினார். அது கறுப்பாக மாறியது. அதில் இருந்த பெயரை, அறைக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார்: "கிறிஸ்தியன் யென்சன்."

"நான்தான்," என்றார் கிழவர். "இன்னும் இருக்கிறேன்."